“உன்னால முடியும்”னு சொன்னா ஏன் அது ஏறவே மாட்டேங்குது?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் சொல்றேன். உங்க டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தர் ஆறு மாசமா தடுமாறிட்டு இருக்கார், நீங்களும் ரெண்டு மூணு தடவ “சூப்பர்பா, உன்னால முடியும்”னு சொல்லி பாத்துட்டீங்க, அவர் தலைய ஆட்டிட்டு போயிடறார், முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, சொல்றப்போ உங்களுக்கே ஏதோ நடிக்கிற மாதிரி கூச்சமா இருக்கு, அதனால இந்த ஊக்கம் குடுக்கறதுல எல்லாம் நிஜமாவே ஏதாவது இருக்கா இல்ல வாய் வார்த்தைதானான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு என்னமோ இதுல ரெண்டு கேள்வி இருக்குன்னு தோணுது. ஒண்ணு, ஊக்கம் வேலை செய்யுமா. இன்னொண்ணு, நான் சொன்னது ஏன் வேலை செய்யல. முதல் கேள்விக்கு பதில் சுலபம், ஆமா செய்யும், அளந்தே பாத்திருக்காங்க. ரெண்டாவதுதான் உங்கள உறுத்துதுன்னு நினைக்கிறேன், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

நான் பிசியோதெரபிஸ்ட், இருபத்திரெண்டு வருஷமாச்சு, பெரும்பாலும் பக்கவாதம் வந்தவங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சவங்கன்னு திரும்ப நடக்க பழகுறவங்களோடதான் பொழுது போகுது. மனநல டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா எங்க தொழில்ல பாதி கையால, பாதி வாயால. ஒரே எக்சர்சைஸ ஒரு நாளைக்கு நாப்பது தடவ பண்ண வைக்கணும், அதுவும் வலியோட, பலன் உடனே கண்ணுக்கு தெரியாத ஒரு விஷயத்துக்காக. பேச தெரியாதவன் இந்த வேலைல ஒரு வருஷம் தாங்க மாட்டான். எனக்கும் ஆரம்பத்துல பேச தெரியாது, பேசறேன்னு நினைச்சுகிட்டு இருந்தேன், அவ்ளோதான்.

அது எப்படி தெரிஞ்சதுன்னா, வேலைக்கு சேந்து ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ, தையல்காரர் ஒருத்தர் வந்தார், வலது கை விழுந்துடுச்சு. அறுபது வயசு இருக்கும், கொஞ்சம் கோவக்காரர். தினமும் காலைல போயி கைய மடக்கி நீட்டி, விரல ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டு, “சூப்பரா பண்றீங்க அண்ணே, வெரி குட், வெரி குட்”னு சொல்லிகிட்டே இருப்பேன். ஒரு நாள் நிறுத்திட்டு என்னையே பாத்தார். “தம்பி, பக்கத்து பெட்காரருக்கும் இதேதான் சொன்னீங்க. அவருக்கு கால்ல கோளாறு, எனக்கு கைல கோளாறு. ரெண்டும் ஒரே சூப்பரா?”ன்னு கேட்டார். வார்டே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், ஆனா வீட்டுக்கு போற வழியெல்லாம் அதுவே ஓடிகிட்டு இருந்துது. அவர் சொன்னது சரி. நான் அவர் கைய பாக்கவே இல்ல, கைய புடிச்சுகிட்டு வாய்ல பாட்டு பாடிகிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள்ல இருந்து வாய மூடிட்டு பாத்தேன். நாலஞ்சு நாள் ஒண்ணும் சொல்லல, அவரே “என்ன தம்பி கோவமா”ன்னு கேட்டார். அப்புறம் ஒரு காலைல மேசை மேல கிடந்த துண்டோட முனைய பிடிக்க சொன்னேன், கட்டைவிரல் லேசா உள்ள வந்துது, துணி ஒரு நூலளவு நகந்துது. “அண்ணே, திங்கக்கிழமை இந்த விரல் நகரவே இல்ல. இன்னைக்கு துணி நகந்துருக்கு, பாருங்க”ன்னேன். அவர் என்னைய பாக்கல, துணியத்தான் பாத்தார். இன்னொரு தடவ பண்ணார். அப்புறம் வெளிய உக்காந்திருந்த அவர் சம்சாரத்த கூப்பிட்டு “இங்க வா, இத பாரு”ன்னு காட்டினார். அன்னைக்கு நான் சொல்லாமலே மூணு ரவுண்டு கூட பண்ணினார். கை முழுசா வந்துடுச்சான்னா இல்ல, ஊசில நூல் கோக்கிற அளவுக்கு வரல, அத மறைக்க விரும்பல.

இப்போ அளந்து பாத்த விஷயத்துக்கு வரேன். நுரையீரல், இதய நோயாளிகளுக்கு ஆறு நிமிஷ நடை டெஸ்ட்னு ஒண்ணு உண்டு, நேரான காரிடார்ல ஆறு நிமிஷத்துல எவ்ளோ தூரம் நடக்க முடியுதுன்னு பாப்போம். 1984லயே கனடால கயாட்ங்கற டாக்டரும் அவர் டீமும் இந்த மாதிரி நடை டெஸ்ட்ல கூட நின்னு ஊக்கம் குடுத்தா என்ன ஆகுதுன்னு பாத்தாங்க, சும்மா விட்டவங்கள விட கிட்டத்தட்ட 30 மீட்டர் கூட நடந்தாங்க. மருந்து குடுத்து 30 மீட்டர் கூடினா நாங்க சந்தோஷப்படுவோம், அவ்ளோ பெரிய அளவு அது. இதனாலதான் 2002ல அமெரிக்க நெஞ்சக சங்கம் இந்த டெஸ்டுக்கு விதிமுறை எழுதினப்போ, கூட நிக்கிறவர் என்ன பேசணும்னு வார்த்தை வார்த்தையா எழுதி வெச்சுட்டாங்க. ஒரு நிமிஷம் முடிஞ்சதும் நல்லா பண்றீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குன்னு சொல்லணும், மூணாவது நிமிஷம் பாதி முடிஞ்சுதுன்னு சொல்லணும், இப்படி நிமிஷத்துக்கு ஒரு வரி, மத்தபடி வாயே திறக்கக்கூடாது, குரலும் ஒரே சீரா இருக்கணும். ஏன்னா ஒரு ஆள் அன்பா பேசி, இன்னொரு ஆள் உர்ருன்னு நின்னா டெஸ்ட் ரிசல்ட்டே மாறிடும். வாய் வார்த்தைதானேன்னு யாராவது சொன்னா நான் இததான் சொல்லுவேன், அளவுகோலையே கெடுக்கற அளவுக்கு பலம் இருக்கறதாலதான் அத கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க.

ஆனா இது அந்த ஆறு நிமிஷத்துக்கான கதை. பக்கத்துல நின்னு கத்தினா மைதானத்துல எவனும் கொஞ்சம் வேகமா ஓடுவான், அதுல பெரிய ரகசியம் இல்ல. உங்க தம்பியோட பிரச்சனை ஆறு மாசம். அதுக்கு பக்கத்துல வர்ற ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப புடிச்சது, 2010ல வந்துது, டாப்கின்ங்கற நரம்பியல் டாக்டர் தலைமைல பல நாடுகள்ல 18 சென்டர்ல, பக்கவாதம் வந்து ரீஹேப்ல இருந்த 179 பேர வெச்சு பண்ணாங்க. பாதி பேருக்கு தினமும் ஒரு சின்ன தூரத்த நடக்க விட்டு ஸ்டாப்வாட்ச்ல பாத்து, இன்னைக்கு உங்க வேகம் இவ்ளோ, நேத்தைய விட இவ்ளோ கூடியிருக்குன்னு சொன்னாங்க. இன்னொரு பாதிக்கு வேகத்த பத்தி ஒண்ணும் சொல்லல. வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போது தன் வேகத்த கேட்டு வந்தவங்களோட சராசரி வேகம் நொடிக்கு 0.91 மீட்டர், கேக்காதவங்களோடது 0.72. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூட ஆகாத வேலை அது. ஆனா ஆஸ்பத்திரில இருந்த நாள் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசப்படல, அதையும் சேத்தே சொல்லணும்.

அந்த 0.91 வந்தவங்களுக்கு யாரும் தினமும் நீங்க பெரிய ஆள்னு சொல்லல. அவங்களுக்கு தானா தெரியாத ஒரு தகவல குடுத்தாங்க. நடக்கறவனுக்கு தன் வேகம் தெரியாது, ஒவ்வொரு நாளும் அதே கால், அதே தள்ளாட்டம்தான் தெரியும். தையல்காரர் விஷயத்துலயும் அதேதான், திங்கக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல ஒரு நூலளவு வித்தியாசம், அத பாக்க வெளிய இருந்து ஒரு ஜோடி கண்ணு வேணும். உங்க தம்பி கிட்ட நீங்க “உன்னால முடியும்”னு சொன்னப்போ அதுல அவருக்கு புதுசா என்ன இருந்துது? அவர் மனசுல உடனே “இவருக்கு என்ன தெரியும்”னு ஒரு குரல் வந்திருக்கும், அந்த குரலுக்கு உங்க வார்த்தைல பதில் இல்ல. உங்களுக்கு கூச்சமா இருந்ததுக்கும் அதுதான் காரணம்னு நினைக்கிறேன், நீங்க பொய்யான ஆள் இல்ல, பாக்காதத சொல்றோம்னு உள்ளுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

பாராட்டினா நல்லதுதானே நடக்கும், கெட்டது என்ன ஆகப்போகுதுன்னு நிறைய பேர் நினைப்பாங்க. ஆகும். 1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு பேர், ஒருத்தர் வேலைய பத்தி அவர் கிட்டயே கருத்து சொன்னா என்ன ஆகுதுன்னு அதுவரைக்கும் வந்த 600க்கும் மேல முடிவுகள ஒண்ணா போட்டு பாத்தாங்க. சராசரியா பலன் இருந்துது, ஆனா மூணுல ஒரு பங்குக்கும் மேல கருத்து சொன்னதுக்கு அப்புறம் வேலை மோசமா போயிருந்துது. திட்டினதால மட்டும் இல்ல, பாராட்டியும் அப்படி ஆகியிருக்கு. அவங்க குடுக்கற விளக்கம் என்னன்னா, பேச்சு கைல இருக்கற வேலைய விட்டுட்டு ஆள் மேல திரும்பினா அவன் கவனமும் வேலைய விட்டு நான் எப்படிப்பட்டவன்ங்கறதுக்கு போயிடுது. எனக்கு இது நல்லா புரியுது, “நீங்க எவ்ளோ தைரியசாலி!”ன்னு சொல்லி வெச்ச பேஷண்ட்தான் மறுநாள் பயந்தாலும் பயத்த சொல்ல மாட்டாங்க, சொல்லாம விழுந்து வெப்பாங்க.

அதவிட எனக்கு ஆச்சரியம், நெதர்லாந்துல ப்ரம்மல்மன்னு ஒருத்தர் 2014ல சின்ன பசங்கள வெச்சு பண்ணது. வான் கோ வரைஞ்ச ரோஜா படம் ஒண்ண பாத்து வரைய சொல்லிட்டு, ஓவியர் ஒருத்தர் உன் படத்த பாத்தார்னு சொல்லி ஒரு சீட்டு குடுத்தாங்க. சில பேருக்கு அழகா வரைஞ்சிருக்கன்னு, சில பேருக்கு நம்பவே முடியாத அளவு அழகா வரைஞ்சிருக்கன்னு. அடுத்து என்ன படம் வரையறன்னு கேட்டா, தன் மேல நம்பிக்கை கம்மியா இருந்த பசங்க அந்த பெரிய பாராட்டு கிடைச்சதும் கஷ்டமான படத்த விட்டுட்டு சுலபமானத எடுத்தாங்க. அடுத்த தடவையும் அதே அளவுக்கு பண்ணி காட்டணுமேங்கற பயம் போல. இதுல கொடுமை என்னன்னா, நம்பிக்கை இல்லாத பிள்ளைங்களுக்குத்தான் பெரியவங்க ரொம்ப தூக்கி வெச்சு பேசறாங்கன்னும் அதே ஆய்வுல தெரிஞ்சுது. தடுமாறுற ஆள பாத்தா நம்ம வாய் தானா பெருசா பேசுது. “சூப்பர்பா” அப்படி வந்ததுதான், உங்கள குத்தம் சொல்லல, நானே வருஷக்கணக்கா பண்ணேன்.

சந்தேகமா இருக்கற சிலதயும் சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல வாட்ஸ்அப்ல நிறைய ஓடுது. ஒரு திட்டுக்கு மூணு பாராட்டு இருக்கணும்னு ஒரு கணக்கு சொல்வாங்க பாருங்க, அது 2005ல வந்த ஒரு கட்டுரைல இருந்து பரவினது, அதுல இருந்த கணிதமே தப்புன்னு 2013ல நிரூபிச்சு, அந்த பகுதிய வாபஸ் வாங்க வேண்டியதா போச்சு. பாராட்ட எண்ணிகிட்டு உக்காராதீங்க. புத்திசாலின்னு சொல்லாதீங்க, முயற்சிய பாராட்டுங்கன்னு சொல்றது 1998ல ம்யூல்லர், ட்வெக் பண்ண ஆய்வுல இருந்து வந்துது, பத்து பதினோரு வயசு பசங்க, புத்திசாலின்னு கேட்ட பிள்ளைங்க அடுத்து சுலபமான புதிர தேடினாங்க, தன் மார்க்க மத்தவங்க கிட்ட கூட்டி சொன்னவங்களும் அவங்கள்ல அதிகம். அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான், ஆனா அதுல இருந்து கிளம்பின, அறிவு உழைச்சா வளரும்னு மனப்பான்மைய மாத்துனா படிப்பே மாறிடும்ங்கற பெரிய பேச்சுக்கு, 2018ல எல்லாத்தையும் சேத்து பாத்தப்போ பலன் சராசரியா சின்னதுதான்னு வந்துது. முயற்சிய பாராட்டறதுலயும் ஒரு சிக்கல் உண்டு, தப்பான முறைல நாப்பது தடவ கால வீசுற பேஷண்ட் கிட்ட “நல்லா முயற்சி பண்றீங்க”ன்னா அவர் அந்த தப்பத்தான் நல்லா பழகுவார். அப்புறம் டீச்சர் நம்பினா பிள்ளையோட அறிவே கூடும்னு 1968ல ரோசன்தால், ஜேக்கப்சன் சொன்னது, அத பத்தி இன்னைக்கு வரைக்கும் சண்டை, டீச்சருக்கு ஏற்கனவே நல்லா பழகின பிள்ளைங்க கிட்ட அது எடுபடலைன்னு பின்னாடி பாத்திருக்காங்க. என் அனுபவமும் அதுதான், மனசுக்குள்ள நம்பிக்கை வெச்சிருந்தா மட்டும் எதிராளிக்கு போய் சேராது.

கூச்சத்த பத்தி கேட்டீங்களே, அதுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. 2021ல பூத்பி, போன்ஸ்னு ரெண்டு பேர், முன்ன பின்ன தெரியாதவங்க கிட்ட போய் அவங்க கிட்ட புடிச்ச ஒரு விஷயத்த சொல்ல சொன்னாங்க. சொல்ல போறவங்க, கேக்கறவங்களுக்கு இது ஒரு மாதிரியா இருக்கும், பெருசா சந்தோஷப்பட மாட்டாங்கன்னு கணிச்சாங்க. கேட்டவங்க கிட்ட விசாரிச்சா கணிச்சத விட நல்லாவே சந்தோஷப்பட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி 2018ல நன்றிக் கடிதம் எழுத சொல்லி குமார், எப்லி பாத்ததுலயும் இதே மாதிரிதான், எழுதறவங்க வார்த்தை சரியா வருதான்னு கவலைப்பட்டாங்க, வாங்கினவங்களுக்கு அதுல இருந்த பாசம்தான் தெரிஞ்சுது. ஆக சொல்ற நமக்குத்தான் இது பெரிய மேடைப் பேச்சா தெரியுது, கேக்கறவருக்கு இல்ல. வார்த்தை தடுக்கினா தடுக்கட்டும்.

எனக்கே ஒண்ணு இருக்கு. சேந்த புதுசுல ஒரு சீனியர் மேடம், அதிகம் பேச மாட்டாங்க, ஒரு நாள் கைகழுவிகிட்டே “நீ பேஷண்ட தூக்கறதுக்கு முன்னாடி தூக்க போறேன்னு அவங்க கிட்ட சொல்லிட்டு தூக்கற. அத விட்றாத”ன்னாங்க, கைய தொடச்சுட்டு போயிட்டாங்க. நான் அப்படி பண்றேன்னு எனக்கே தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் மயக்கத்துல இருக்கறவங்க கிட்ட கூட சொல்லிட்டுதான் தூக்கறேன். அவங்களுக்கு அப்படி சொன்னது ஞாபகம் கூட இருக்காது.

தப்ப எப்படி சொல்றதுன்னும் நீங்க யோசிக்கலாம், ஏன்னா ஆறு மாசமா தடுமாறுறார்னா தப்பும் நிறைய இருக்கும். மறைக்க வேண்டாம். அமெரிக்கால 2014ல யேகரும் கூட இருந்தவங்களும் ஒரு ஸ்கூல்ல பண்ணது, கட்டுரைய திருத்தி குடுக்கும்போது ஒரு சின்ன சீட்டு ஒட்டினாங்க, உன் கிட்ட நிறைய எதிர்பாக்கறேன், அத உன்னால தொட முடியும்னு தெரியும், அதனாலதான் இவ்ளோ திருத்தம்ங்கற அர்த்தத்துல. கறுப்பின பிள்ளைங்கள்ல, சாதாரண சீட்டு கிடைச்சவங்க 17 சதவீதம்தான் கட்டுரைய திரும்ப எழுதி குடுத்தாங்க, இந்த சீட்டு கிடைச்சவங்க 70 சதவீதத்துக்கு மேல. பிள்ளைங்க எண்ணிக்கை கம்மி, அதனால அந்த சதவீதத்த அப்படியே எல்லா இடத்துக்கும் போட மாட்டேன். ஆனா எங்க வார்டுலயும் இத பாக்கறேன், “தப்பு, திரும்ப”ன்னு மட்டும் சொன்னா சுருங்கிடறவங்க, “முட்டி இன்னும் உள்ள போகுது, இத சரி பண்ணா ஊன்றுகோல எடுத்துடலாம், அதான் விடமாட்டேங்கறேன்”ன்னா திட்டிகிட்டே பண்ணுவாங்க.

ஊக்கத்தால ஆகாததும் இருக்கு. பக்கவாதம் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது, அவங்களுக்கு நான் என்ன சொன்னாலும் உள்ள போகாது, அது பிடிவாதம்னு நினைச்சு ஆரம்பத்துல நான் இன்னும் உற்சாகமா பேசி கொன்னிருக்கேன், இப்போ அந்த மாதிரி பாத்தா டாக்டர் கிட்ட அனுப்பிடறேன். உங்க தம்பி தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாத்துலயும் மாறியிருந்தா அது உங்க வார்த்தையோட வேலை இல்ல. இன்னொண்ணு, அவர் தடுமாறுறதுக்கு காரணம் யாரும் வேலைய ஒழுங்கா சொல்லிக் குடுக்காததாவோ, ரெண்டு ஆள் வேலைய ஒருத்தர் தலைல கட்டினதாவோ இருந்தா, நீங்க எவ்ளோ மனசார பேசினாலும் அது அவருக்கு கிண்டல் மாதிரிதான் கேக்கும். கால்ல முள்ளு இருக்கறவன் கிட்ட நட நடன்னா எப்படி.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் அவர் வேலைய பாப்பேன், மேலோட்டமா இல்ல, அவர் அனுப்பற மெயில், போடற கணக்கு, மீட்டிங்ல கேக்கற கேள்வி, போன மாசம் தப்பு பண்ண அதே இடத்துல இந்த மாசம் என்ன பண்றார்ங்கறது வரைக்கும். ஏதாவது ஒரு இடத்துல துணி ஒரு நூலளவு நகந்திருக்கும், ஒருவேளை முன்னாடி தப்ப மறைச்சவர் இப்போ தானா வந்து சொல்றாரோ என்னவோ. அது கண்ணுல பட்டா தனியா இருக்கப்போ, ஒரே வரில, தேதியோட சொல்லிட்டு வேற பேச்சுக்கு போயிடுங்க, அவர் முகத்த பாத்துகிட்டு நிக்காதீங்க, நன்றி சொல்ல வெக்காதீங்க. ஒரு வாரத்துல ஒண்ணும் படலைன்னா இன்னும் ஒரு வாரம் பாருங்க. அப்பவும் படலைன்னா ஒரு சேர இழுத்து போட்டு பக்கத்துல உக்காந்து, இதுல எந்த இடத்துல மாட்டறன்னு காட்டுன்னு கேளுங்க.